விளக்கணைந்த கைதட்டல்

எங்கள் ராணிக்குப் படம் வரையத் தெரியும் என்பது நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நன்றாக வரைவாரா என்பதுதான் யாருக்கும் தெரியாது. யாரைக் கேட்பது? அரண்மனைக்கு வேண்டியவர்கள் அற்புதம் என்பார்கள். வேண்டாதவர்கள் படத்தைப் பார்க்காமலேயே பொழுதுபோக்கு என்பார்கள். இரண்டு கூட்டமும் ஒரு தடவைகூட அந்தப் படங்களுக்கு முன்னால் ஒழுங்காக நின்றதில்லை.

நான் மாரென். அரச நாடகசாலையில் உடைப் பட்டறையை நடத்துகிறவள். துறைமுகத்துப் பக்கம் பிறந்தவள், அதனால் வாய் கொஞ்சம் நீளம். ராணி ஆல்வில்டா எங்கள் பட்டறையில் வேலை பார்த்த குளிர்காலத்தைப் பற்றி இப்போது ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். முதல் நாள் ஆட்டத்தில் கூட்டம் கல்லாக உட்கார்ந்திருந்ததாம், ராணி அழுதுகொண்டே ஓடிப்போனாராம். பாதி உண்மை, பாதி புளுகு. பக்கத்தில் இருந்தவள் நான், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகசாலையில் ராணி உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் தனி மாடத்துக்கு மேலே, பித்தளைக் கூண்டுக்குள் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. நாட்டை ஆள்பவர் மாடத்தில் இருந்தால் அது எரியும். அது எரியும்போது, மாடத்திலிருந்து முதல் கைதட்டல் வரும்வரை அரங்கில் வேறு யாரும் தட்டக்கூடாது. எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். ராணியின் அப்பா, பழைய அரசர், ஆட்டம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். திரை விழும் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து படபடவென்று தட்டுவார். அதனால் அவர் காலத்தில் ஒரு சிக்கலும் வந்ததில்லை.

விளக்கு எரிந்த நாட்களில் கிடைக்கும் கைதட்டலை எங்கள் ஆட்டக்காரர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். அது மரியாதைக்குத் தட்டுவது. விளக்கு அணைந்திருக்கும் நாளில், மாடம் காலியாகக் கிடக்கும்போது, ஜனங்கள் தாங்களாகத் தட்டுகிறார்களே, அதுதான் கைதட்டல். அதற்காக முட்டி தேய ஆடுவார்கள்.

பட்டறைக்கும் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் சாம்பல் நிற ஏப்ரனைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் பட்டமும் கிடையாது, மரியாதையும் கிடையாது. வெறும் பெயர்தான். ஊசி முனையில் நின்றுகொண்டு ‘தாங்கள்’ போட்டுப் பேச நேரமில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். ராணி அதை ஆசையாக ஏற்றுக்கொண்டார். ஏப்ரனோடு இருந்தால் அவள், இல்லாவிட்டால் அவர். இந்தக் கதையிலும் அப்படித்தான் எழுதப்போகிறேன். குழப்பமாக இருந்தால் இடுப்பைப் பாருங்கள்.

நாடகசாலையின் நூற்றாண்டுக்காக ஒரு நாட்டிய நாடகம். மீனவன் ஒருவனைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவன் மனைவி கரையில் நின்று கடலோடு சண்டை போட்டு அவனைத் திருப்பி வாங்குகிறாள். அவ்வளவுதான் கதை. அதற்கு உடைகளை வரைகிறேன் என்று ராணியே கேட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய வீட்டுப் பெண்கள் பொழுது போகாமல் பட்டறைக்குள் வந்து, பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவள் அப்படியில்லை. காலையில் எங்களுக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டிவைத்திருப்பாள். சாயத்தொட்டியில் கையை விட்டு முழங்கை வரை பச்சையாகிப் போவாள். ஒரு நாள் அதே பச்சைக் கையோடு வெளிநாட்டுத் தூதரைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் வந்து சொன்னாள்: “பாவம் அந்த மனுஷன், கைக்கு முத்தம் குடுக்கறதா வேண்டாமான்னு முழிச்சான். ஏதோ தோல் வியாதின்னு நினைச்சிருப்பான்.”

தொப்பி செய்யும் தோர்கில்ட் சிரித்துச் சிரித்து வாயில் இருந்த குண்டூசிகளைத் துப்பினான்.

ராணியோடு எப்போதும் ஒருவர் வருவார். அரண்மனைச் செயலர் ராவன்ஹோல்ட். நெட்டையான கிழவர், கழுத்துப் பட்டை கத்திபோல் நிற்கும். ஏப்ரன் கட்ட மாட்டார், ஆகவே வாசற்படிக்கு இந்தப் பக்கம் வந்ததேயில்லை. படியிலேயே நின்றுகொண்டு, ராணி எதைக் காட்டினாலும் ஒரே வார்த்தை சொல்வார்: “அற்புதம், மகாராணி.” வரைந்த படத்துக்கும் அற்புதம், வாங்கிவந்த நூலுக்கும் அற்புதம்.

“ஒரு தடவை தூரிகை துடைக்கிற துணியச் சட்டம் போட்டு மாட்டி வச்சேன்,” என்றாள் ஆல்வில்டா, ஒரு நாள் அவர் இல்லாத மதியச் சாப்பாட்டில். “பின்னாடி கையக் கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னு பாத்தார். ‘அற்புதம், மகாராணி. குறிப்பா அந்த இடது மூலை’ன்னார்.”

“அந்த மூலையில என்ன இருந்துச்சு?” என்றான் தோர்கில்ட்.

“மூக்கைத் துடைச்சிருந்தேன்.”

எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தாள். தோர்கில்ட் தன் பழைய பெருமை ஒன்றை எடுத்துவிட்டான். ஏதோ ஒரு ஆட்டத்தில் அவன் செய்த மீன்தலைத் தொப்பி மேடைக்கு வந்ததுமே, விளக்கணைந்த அரங்கம் தட்டித் தீர்த்ததாம்.

“நான் அதைக் கேட்டதே இல்ல,” என்றாள் ஆல்வில்டா.

“என் தொப்பியப் பத்தியா? ஊருக்கே தெரியுமே!”

“விளக்கணைஞ்ச கைதட்டல. நான் உள்ள வந்தா விளக்கு எரிஞ்சிடுது. பொறந்ததுலேர்ந்து எரிஞ்சுக்கிட்டே இருக்கு.” ரொட்டியைக் கீழே வைத்தாள். “மாரென், நான் சின்ன வயசுலேர்ந்து வரையறேன். நல்லா வரையறேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கொல்லனுக்குத் தெரியும், ரொட்டி சுடறவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த ஆட்டத்துலயும் தெரியலன்னா தூரிகையக் கீழ வச்சிடப் போறேன். பொய்யைக் கேட்டுக் கேட்டுக் கை மரத்துப் போச்சு.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறுதலைத்தான் அவள் வேண்டாம் என்கிறாள் என்று புரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் நாள் ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிடலாம் என்றும் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. மாடம் காலியாக இருக்கும், விளக்கு அணைந்திருக்கும், மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்கலாம். ராவன்ஹோல்ட் வாசற்படியில் நின்றபடியே அதை ஒழித்துவிட்டார். “நூற்றாண்டு விழா, மகாராணி. எல்லாத் தூதரும் வர்றாங்க. நீங்க இல்லாம எப்படி?”

கடலாக ஆடுகிறவள் சிக்னே. அவளுக்கான உடைதான் பெரிய வேலை. ஆல்வில்டா அதைக் கனத்த கம்பளித் துணிக்காக வரைந்திருந்தாள். அடுக்கடுக்காக, சாம்பலும் பச்சையும், உறைந்த கடலின் அடிப்பக்கம் போல. தாளில் பார்க்க எனக்கே கண்ணை எடுக்க முடியவில்லை. தைத்து முடித்துப் பட்டறையிலேயே நடந்த ஒத்திகையில் சிக்னே அதைப் போட்டுக்கொண்டு சுழன்றாள். அவள் சுழன்று நின்ற பிறகுதான் உடை சுழன்றது. கால் தடுக்கி, பலகையைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தாள். நடன ஆசிரியர் பிரமாதம் என்றார். படியிலிருந்து “அற்புதம், மகாராணி” வந்தது.

ஆல்வில்டா என்னைப் பார்த்தாள். ஏப்ரனோடுதான் இருந்தாள்.

“படம் நல்லா இருக்கு,” என்றேன். “உடுப்பு நல்லா இல்ல. அவ ஒரு பக்கம் போறா, உன் கடல் ஒரு பக்கம் போகுது. இதைப் போட்டுக்கிட்டு மூணாவது அங்கம் ஆடினா அந்தப் பொண்ணு காலை ஒடிச்சுக்குவா.”

அவள் முகம் சிவந்துபோயிற்று. பின்னால் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். ஏப்ரன் கீழே விழுந்தது. என்ன செய்வது, நாங்கள் அத்தனை பேரும் எழுந்து குனிந்து வணங்கவேண்டியதாயிற்று. ராணி எங்களைத் தாண்டி வெளியே போனார். ராவன்ஹோல்ட் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

“போச்சு. நாளையிலேர்ந்து நீ கப்பலுக்குப் பாய் தைக்கப் போகலாம்,” என்றான் தோர்கில்ட்.

மறுநாள் காலை நான் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அவள் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தக் கம்பளி உடை. கையில் என் பெரிய கத்தரிக்கோல். நான் யாருக்கும் தராத கத்தரிக்கோல்.

“நேத்து சாயங்காலம் கடற்கரையில நின்னு பாத்தேன்,” என்றாள். “காத்து நின்னுடுச்சு, மாரென். ஆனா அலை நிக்கல. காத்து போன பிறகுதான் அலை வருது. உடுப்பு அவளுக்குப் பின்னால வர்றது தப்பில்ல. எடைதான் தப்பு.”

கம்பளியை நீள நீளமாகக் கிழித்தாள். உள்ளே மெல்லிய பட்டு, அதன்மேல் அந்தத் துண்டுகள் தோளில் மட்டும் தைக்கப்பட்டுத் தொங்கின. மதியம் சிக்னே போட்டுப் பார்த்தாள். சுழன்றாள், நின்றாள். அவள் அசையாமல் நிற்க, அவளைச் சுற்றிக் கடல் வந்து சேர்ந்தது. தையல்காரிகள் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

“ம்,” என்றேன்.

“அவ்வளவுதானா?” என்றாள் ஆல்வில்டா.

“ஏன், ‘ம்’முக்கு என்ன குறைச்சல்? தோர்கில்ட் இருபது வருஷமா அதுக்காகக் காத்துக்கிட்டிருக்கான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் ஒருத்தியின் ‘ம்’ போதாது என்று முகத்தில் தெரிந்தது. நான் தையல்காரி, எனக்குத் தையல் தெரியும். ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கும் தெரியாது.

முதல் நாள் வந்தது. விளக்கு எரிந்தது. ராணி நீலப் பட்டில் மாடத்தில் உட்கார்ந்தார், பக்கத்தில் ராவன்ஹோல்ட். நான் மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நின்றேன். முதல் அங்கம் முடிந்து திரை விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஒரு கைகூட எழவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். தன் முறைக்காக என் பக்கத்தில் காத்திருந்த சிக்னே என்னைப் பார்த்தாள்.

“பிடிக்கலையா அவங்களுக்கு?”

“பேசாம தண்ணி குடி,” என்றேன்.

இரண்டாவது அங்கத்தில் கடல் மேடைக்கு வந்தது. சிக்னே நின்றாள், அலை வந்து அவளைச் சூழ்ந்தது. கீழே முன் வரிசையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள், நான் பார்த்தேன். திரை விழுந்தது. மறுபடியும் கல். நடன ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மேலே மாடத்தில் ராணி நேராக உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு.

மடியில் கோத்த கைகள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் நாடகசாலையில் கைவேலை செய்த யாரும் தன் ஆட்டத்துக்குத் தானே கைதட்ட மாட்டார்கள். தைத்தவளும் தட்டமாட்டாள், திரை தீட்டியவனும் தட்டமாட்டான், பாட்டு எழுதியவனும் தட்டமாட்டான். மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருக்க வேண்டும். மறந்து தட்டிவிட்டால் ஒரு வாரம் பட்டறைக்கே ஏலக்காய் பன் வாங்கித் தர வேண்டும். இதை ஆல்வில்டாவுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அவர் அந்த மாடத்தில் எங்களில் ஒருத்தியாகக் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார். ஜனங்களோ, ராணி எப்போது தட்டுவார் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ராணியே தட்டவில்லை, நாம் தட்டலாமா? அவர் காத்திருக்கிறார், இவர்களும் காத்திருக்கிறார்கள். இத்தனை பெரிய மனிதர்கள் கூடி ஏற்பாடு செய்தோமே, ஒருவருக்காவது இது தோன்றியதா!

மூன்றாவது அங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே பின்படியில் ஏறி ஓடினேன். மாடத்துக் கதவில் காவல் நிற்பவன் யெப்பே. நல்லவன், ஆனால் மரம்.

“விளக்கு எரியுது, மாரென். ஏப்ரனோட உள்ள விடமுடியாது.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லணும்டா. கையத் தட்டச் சொல்லணும்.”

“ராணிகிட்ட போய்க் கையத் தட்டுங்கன்னு சொல்லப்போறியா? குடிச்சிருக்கியா?”

“டேய், உள்ள ஒரு ஆட்டம் செத்துக்கிட்டிருக்கு!”

அவன் நகரவில்லை. இசை உயர்ந்தது, மனைவி கடலை ஜெயித்தாள், திரை விழும் சத்தம் கேட்டது. பிறகு அந்த அமைதி. கதவுக்கு வெளியிலேயே அது கேட்டது. சிறிது நேரத்தில் கதவு திறந்தது. ராணி தனியாக வெளியே வந்தார். அழவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. கதவைத் தானே சாத்திவிட்டு, “தெரிஞ்சு போச்சு, மாரென்,” என்றார். “அதுதானே வேணும்னு கேட்டேன். தெரிஞ்சு போச்சு.”

யெப்பே வழக்கம் தவறாதவன். ராணி மாடத்தை விட்டு வெளியே வந்தாயிற்று. சுவரில் இருந்த குமிழைத் திருகினான். விளக்கு அணைந்திருக்கும்.

அடுத்த கணம் கட்டடமே அதிர்ந்தது. பலகைகள் நடுங்கின, படிக் கைப்பிடி நடுங்கியது. நான் அந்த நாடகசாலையில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. காலால் தரையை உதைக்கிறார்கள், கத்துகிறார்கள்.

ராணி சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் போனதுக்கா இவ்வளவு சந்தோஷம்?” என்றார். குரல் உடைந்துவிட்டது.

நான் என் ஏப்ரனை அவிழ்த்து அந்த நீலப் பட்டின்மேல் கட்டினேன். முடிச்சை இறுக்கிப் போட்டேன். யெப்பே வாயைப் பிளந்தான்.

“ஆல்வில்டா, இப்ப கேளு. நீ கையக் கோத்துக்கிட்டு உக்காந்திருந்த. விளக்கு எரிஞ்சுது. நீ தட்டாம அவங்க எப்படித் தட்டுவாங்க? மூணு அங்கமா கையப் பிடிச்சு வச்சுக்கிட்டிருந்தாங்க, பாவம். இப்ப விளக்கு அணைஞ்சிடுச்சு. நீ வீட்டுக்குப் போயிட்டன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. அங்க யாரும் இல்ல. காலி நாற்காலிதான் இருக்கு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக முகத்தில் ரத்தம் ஏறியது. சட்டென்று திரும்பிக் கதவுப் பிடியில் கை வைத்தாள். போய் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் அந்தக் கையைப் பிடித்தேன். அதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. உள்ளே காலை வைத்தால் யெப்பே குமிழைத் திருகுவான். விளக்கு எரியும். அத்தனை கைகளும் நின்றுவிடும், அவளுக்காகக் காத்திருக்கும்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கதவை ஒட்டிய படியில் உட்கார்ந்து, ஏப்ரனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே சிக்னேயைத் திரும்பத் திரும்ப வெளியே அழைத்தார்கள். “கடல்! கடல்!” என்று கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பளி அலை அவளுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கும். நாங்கள் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம்.

சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நாற்காலிகள் மடியும் ஓசை, காலடிகள். எல்லாம் ஓய்ந்த பிறகும் ஒரே ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், காலி மாடத்தில்.

ஆல்வில்டா என் கையை இறுகப் பிடித்தாள்.

விளக்கில்லாத அந்த மாடத்தில், கேட்க ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, ராவன்ஹோல்ட் கத்திக்கொண்டிருந்தார்.

“அற்புதம்! அற்புதம்!”